சாய்ஸ் பட்டியலுக்கு முன்னால் கடன் கணக்கு: சென்னை மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் பெற்றோர் முதலில் வந்து நிற்பது உங்கள் அறை வாசலில்தான். "சார், பையனுக்கு கட்-ஆஃப் 172. கம்ப்யூட்டர் சயின்ஸ் எந்தக் காலேஜ்ல கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நீங்களும் போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைப் புரட்டி நாலைந்து பெயர் சொல்வீர்கள். அந்தப் பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் பெற்றோரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடல்: "நாலு வருஷத்துக்கு எவ்வளவு கடன் வாங்கப் போறீங்க, அதுக்கு மாசத் தவணை எவ்வளவு வரும்?"

எங்களில் சிலர் வங்கியில் கல்விக் கடன் கோப்புகளைப் பார்ப்பவர்கள், சிலர் பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறையில் பாடம் நடத்துபவர்கள். எங்கள் மேசைக்கு ஒரு குடும்பம் வரும்போது கல்லூரி முடிவாகி, முதல் பணமும் கட்டியாகியிருக்கும். அப்போது எதையும் மாற்ற முடியாது. உங்களிடம் வரும் அந்த மே, ஜூன் மாதங்களில்தான் எல்லாம் இன்னும் கையில் இருக்கிறது.

கணக்கு இதுதான். கரும்பலகையில் பத்தே நிமிடத்தில் போட்டுவிடலாம்.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நாலு வருடம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் நாலு வருடமும் படிப்பு முடிந்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் மாரட்டோரியம் என்கிறார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாம் வருடத்து லட்சத்துக்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நாலாவதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000. இந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான் போடுவார்கள், ஆனால் தவணை தொடங்கும் நாளில் அதை அசலோடு சேர்த்துவிடுவார்கள். "நாலு லட்சம் லோன்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அன்று 5,40,000 ஆகி நிற்கும். அதை 7 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை, அதாவது இ.எம்.ஐ., ஏறத்தாழ 8,965 ரூபாய். 10 வருடம் என்றால் 7,140. 15 வருடம் என்றால் 5,800. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 10 லட்சத்து 44 ஆயிரத்தைத் தாண்டும்.

இதை ஒரு வாய்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு ஒரு லட்சம் கடன் என்றால், பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 7,100. ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்றால் 14,200. கலந்தாய்வுக்கு வெளியே தாங்களே சேர்க்கை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு நாலு லட்சம் ஆகிறது என்றால், கடன் 16 லட்சம், தவணை தொடங்கும் நாளில் 21,60,000, பத்து வருடத்துக்கு மாதம் 28,500, பதினைந்து வருடத்துக்கு 23,200.

இப்போது சம்பளப் பக்கம் வருவோம். சாஃப்ட்வேர் சேவை நிறுவனங்கள் கேம்பஸில் புதிதாக எடுப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பல வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம் என்று போட்டிருந்தால் அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடக்கம். கைக்கு வருவது 25,000 பக்கம். சிறுசேரியில் வேலை, வீடு வியாசர்பாடியில் என்றால் சோழிங்கநல்லூர் பக்கம் பி.ஜி.யில் தங்க வேண்டியிருக்கும். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பினால் செலவு இன்னும் கூடும். இந்த 25,000த்தில் 23,200 இ.எம்.ஐ.க்குப் போக முடியுமா என்று பெற்றோரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள். வேறு அறிவுரை தேவைப்படாது.

கைக்கு வரும் முதல் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இ.எம்.ஐ. போகக் கூடாது என்பது எங்கள் கருத்து. 25,000த்தில் அது 6,250. பத்து வருடத் தவணையில் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மொத்தக் கடன் மூன்றரை லட்சம், அதாவது ஆண்டுக்கு 87,000 பக்கம். அப்பாவுக்கு நிலையான வருமானம் உண்டு, பாதியை அவர் கட்டுவார் என்றால் எல்லை உயரும். பிள்ளையின் சம்பளத்தை மட்டும் நம்பித்தான் கடன் என்றால் இந்த எல்லையைத் தாண்டும் கல்லூரி, கலந்தாய்வில் விருப்ப வரிசைப்படி நிரப்பும் சாய்ஸ் பட்டியலிலேயே இடம்பெறக் கூடாது. வீட்டில் தங்கையோ தம்பியோ அடுத்து நின்றால் எல்லையை இன்னும் இறக்குங்கள்.

தமிழ்நாட்டில் இந்த எல்லைக்குள் இஞ்சினியரிங் படிக்க நிறையவே வழி இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, தனியார் சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 50,000, என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 என்று 2017ல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, 87,000. அந்தந்த வருட அறிவிப்பை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 குறையும், ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடக்கம், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. 2021ல் வந்த சட்டம் இது.

இந்த ஒதுக்கீட்டில் இலவசமாகச் சேரக்கூடிய பிள்ளைகளைக்கூட, ரிசல்ட் வந்த வாரமே "சீட் தீர்ந்துடும்" என்று பயம் காட்டி மேனேஜ்மென்ட் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள் ஏஜென்டுகள். அதோடு முதல் பட்டதாரிச் சலுகையும் போகிறது, 7.5ம் போகிறது. ரசீது இல்லாமல் வாங்கும் நன்கொடைக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதற்கு அம்மாவின் நகைதான் அடகுக்குப் போகிறது. நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்த ஏஜென்டுகளுக்கு மாணவர்களின் செல்போன் எண்கள் எங்கிருந்து போகின்றன என்பதையும் யோசித்துப் பாருங்கள். "கேரியர் கைடன்ஸ்" என்ற பெயரில் பள்ளிக்குள் வந்து படிவம் நிரப்பச் சொல்பவர்களிடம் ஒரு எண்ணும் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. இதை வருத்தத்தோடும் உரிமையோடும் சொல்கிறோம்.

55,000 என்பது கல்விக் கட்டணம் மட்டும்தான் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், பழைய மாமல்லபுரம் சாலை என்று கல்லூரிகள் நகரத்துக்கு வெளியே இருக்கின்றன. காலேஜ் பஸ்ஸுக்கு ஒரு தொகை, தேர்வுக் கட்டணம், லேப்டாப், சில இடங்களில் "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" என்று தனியாக ஒன்று. ஒரே கல்விக் கட்டணமுள்ள இரண்டு கல்லூரிகளுக்குள் ஆண்டுக்கு 50,000 வித்தியாசம் வந்துவிடும். கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழில், கட்டண விவரத்தில் எது எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் வங்கி பணம் அனுப்பும், அதுவும் நேராகக் கல்லூரிக் கணக்குக்கு. வாயால் சொன்னதெல்லாம் கைக்காசு. ஆகவே கல்லூரியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நாலு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்க." எழுதித் தர மறுக்கும் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கிவிடலாம்.

சாய்ஸ் பட்டியலின் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலந்தாய்வு மென்பொருளுக்கு ரேங்க் தெரியும், நீங்கள் போட்ட வரிசை தெரியும். குடும்பத்தின் கடன் தெரியாது. மேலே போட்டது கிடைத்தால் அதைத்தான் ஒதுக்கும். "சும்மா போட்டு வைப்போம்" என்று மூன்றாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்துவிட்டு, கட்ட முடியாமல் அந்தச் சுற்றையே இழப்பவர்கள் உண்டு. எனவே முதலில் கடன் எல்லையை வைத்துப் பட்டியலைச் சலித்துவிட்டு, மிஞ்சியவற்றைத் தரத்தின்படி அடுக்கச் சொல்லுங்கள். கணினிப் பிரிவு மட்டும்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். கேம்பஸுக்கு வரும் சேவை நிறுவனங்களில் பல, இ.சி.இ., இ.இ.இ. (மின்னணு, மின்சாரப் பிரிவு) மாணவர்களையும் அதே தேர்வில், அதே சம்பளத்தில் எடுக்கின்றன. அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ இ.சி.இ. கிடைக்கிறது, தனியாரில் கடனோடு சி.எஸ்.இ. கிடைக்கிறது என்றால், நாங்கள் முதலாவதைத்தான் மேலே போடச் சொல்வோம்.

இனி பிளேஸ்மென்ட். ஃபிளெக்ஸ் போர்டில் இருக்கும் பெரிய எண் ஒரே ஒரு மாணவருடையது. ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. பார்க்க வேண்டியது வேறு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரத்தைத் தன் இணையதளத்திலேயே போட்டிருக்கும். அந்தக் கோப்பில் நாலு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைத் திறந்து ஒரே வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: சேர்ந்தவர்கள் 420, உரிய காலத்தில் முடித்தவர்கள் 310, வேலை கிடைத்தவர்கள் 170, மேல்படிப்புக்குப் போனவர்கள் 20, இடைநிலைச் சம்பளம் 3,40,000. விளம்பரத்தில் "90 சதவீதம்" என்று வருவது, தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்காக இருக்கலாம். அட்டவணைப்படி சேர்ந்த நூறு பேரில் வேலை வாங்கியது நாற்பது பேர். 110 பேர் அரியரோடு நிற்கிறார்கள் அல்லது பாதியில் போய்விட்டார்கள். இந்த 110 பேரில் கடன் வாங்கியவர்களுக்கும் இ.எம்.ஐ. உண்டு. இடைநிலைச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே வாங்குகிறார்கள் என்று அர்த்தம். இ.எம்.ஐ. கணக்கில் போட வேண்டிய சம்பளம் இதுதான்.

இந்த அட்டவணை கல்லூரி முழுமைக்கும் ஆனது என்பதால் கணினித் துறைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் அதில் வராது. நாக் (NAAC) என்பது கல்லூரி முழுமைக்குமான தரச்சான்று, என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. சிவிலுக்கு இருக்கும் என்.பி.ஏ., போன வருடம் புதிதாக ஆரம்பித்த ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸுக்கு இருக்காது. 2024-25லிருந்து நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. ஒரே கல்லூரியில் கணினிப் பிரிவு இடங்கள் சட்டென்று இரட்டிப்பாகியிருந்தால், ஆசிரியர்கள் அதற்கேற்பக் கூடியிருக்கிறார்களா, லேபில் ஒரு கணினிக்கு எத்தனை பேர் என்று நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருடப் பிளேஸ்மென்ட் எண், சிறிய வகுப்புகள் இருந்த காலத்து எண்.

வங்கிப் பக்கம் தவறுவதெல்லாம் பெரும்பாலும் தேதியில்தான். இடம் ஒதுக்கியபின் பணம் கட்ட சில நாட்கள்தான் அவகாசம். விண்ணப்பத்தை முடிவு செய்ய வங்கிக்கு 15 நாளிலிருந்து ஒரு மாதம் ஆகும். இந்த இடைவெளியில் குடும்பம் வெளியில் அதிக வட்டிக்கு வாங்குகிறது. ரிசல்ட் வந்த வாரமே வீட்டுக்கு அருகில் உள்ள கிளைக்குப் போய்ப் பேசிவைத்தால் இது வராது. மாணவர், பெற்றோர் இருவருக்கும் பான், ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். கடைசி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் ஜனவரியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் வி.ஏ.ஓ.விடமிருந்து தாசில்தார் வரை எல்லா மேசையிலும் தேங்கிவிடும்.

நாலு லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை பிணையத்துக்குப் பதிலாக அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கடன் நாலு லட்சத்துக்கு மேல் போனால் செலவில் ஐந்து சதவீதத்தை நாம் கைப்பணமாகப் போட வேண்டும். ஏழரைக்கு மேல் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். வங்கிகள் தனிப்பட்டியல் வைத்திருக்கும் சில பெரிய கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு மட்டும் விலக்கு. "உங்க ஏரியா எங்க கிளைக்குள்ள வராது" என்று சொல்லிக் கல்விக் கடனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்றுள்ள கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், மாரட்டோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 1,40,000 அப்படியே கழிந்து, பத்து வருட இ.எம்.ஐ. 5,290க்கு இறங்கும். வருமானச் சான்றை உரிய நேரத்தில் கிளையில் கொடுக்காமல் விட்டதால் மட்டுமே இதை இழப்பவர்கள் பலர். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். பாதியில் படிப்பை விட்டால் மானியம் நின்றுவிடும் என்பதையும் சொல்லுங்கள். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் அதற்கென அறிவிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். தொடங்கும்போது நாடு முழுக்க 860. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்க வேண்டும்.

மானியம் கிடைக்காதவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கடனில் முதல் வருடம் மாதம் 833, இரண்டாம் வருடம் 1,667, பிறகு 2,500, கடைசியில் 3,333. இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. கடனோடு சேர்த்து இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் ஏற்றியிருக்கிறார்களா என்று சாங்ஷன் லெட்டரில் பார்க்க வேண்டும். "டாக்ஸ் பெனிஃபிட் இருக்கு" என்று கடன் விற்பவர்கள் பேச்சை இங்கே காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்: கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில்தான், மூன்றரை லட்சச் சம்பளக்காரர் எப்படியும் வரி கட்டப் போவதில்லை.

அரியர் வைத்தால் நடப்பது என்ன என்பதை மாணவரிடமே நேராகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் வங்கி கடனின் அடுத்த பகுதியை விடும். நிலுவையில் அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வில் உட்காரவே விடாது. 2022, 2023ல் ஆஃபர் கையில் இருந்தும் பலரை மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். அந்த ஒரு வருட மாரட்டோரியம் அதிலேயே கரைந்துவிடும். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகி, பிள்ளைக்கும் கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் சிபில் எனும் கடன் மதிப்பெண் கெடும். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்னாலேயே கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறிய பிறகு பேசப் போனால் வங்கியால் செய்ய முடிவது குறைவு.

எல்லைக்குள் ஒரு இஞ்சினியரிங் இடமும் அமையவில்லை என்றால்? சென்னை அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. படிக்கக் கடனே தேவைப்படாத அளவு செலவுதான். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் அவர்களையும் எடுக்கின்றன, தொடக்கச் சம்பளம் சற்றுக் குறைவு. பிறகு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ.; அது இப்போது இரண்டே வருடம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸுக்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வீட்டிலிருந்தே ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் இல்லாத மாணவருக்கு அதைச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சான்றிதழ்களுக்கும், ரிசல்ட் வந்தபின் ஒரு சனிக்கிழமை கடன் கணக்குக்கும் பெற்றோரைக் கூப்பிடுங்கள். ஒரு வகுப்பறையும் கரும்பலகையும் போதும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதிக்கொண்டு போக வேண்டும்: நாலு வருட மொத்தச் செலவு, கிடைக்கும் சலுகை, மீதிக் கடன், பத்து வருட இ.எம்.ஐ., அந்தக் கல்லூரியின் இடைநிலைச் சம்பளத்தில் மாதம் கைக்கு வருவது. அந்தத் தாளில் மாணவரும் எழுத வேண்டும், ஏனென்றால் கடன் அவர் பெயரில்தான் ஏறுகிறது. கணக்குச் சொல்லித்தர வங்கி ஆள் வேண்டுமென்றால் உங்கள் பகுதிக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எங்களைப் போன்றவர்கள் வருவோம். சாய்ஸ் பட்டியல் பதிவு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக இருக்கும்படி தேதி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் கல்விக் கடன் பிரிவில் பணிபுரியும் வங்கி ஊழியர்களும் கணினித் துறை ஆசிரியர்களும்